கூஞிலஷ் என்றால் மண்புழு

இலவசமாகக் கிடைக்கும் பொருளை மனிதன் சோதித்துப் பார்ப்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பருகே ஓட்டை தேடுகிறவன், கடைக்காரர் சும்மா அள்ளிப் போடும் கறிவேப்பிலையை உதறிக்கூடப் பார்க்காமல் பைக்குள் திணித்துக்கொள்கிறான். அப்படித் திணித்துக்கொண்டு வந்த கறிவேப்பிலையை வைத்து ஒருமுறை நான் அறிவியல் பாடம் நடத்தினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பள்ளியில் கணினி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். (ஒருநாள் அலுவலக அச்சுப்பொறியில் சிக்கிய காகிதத்தைப் பிடித்து இழுத்திருந்தேன். அதற்குமேல் எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது.)

எங்கள் தலைமையாசிரியையை எல்லாரும் ‘பெரிய டீச்சர்’ என்போம். அவருடைய குரலும் பெரியது. பள்ளிக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது மற்ற ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பெரிய டீச்சர் நிறுத்த மாட்டார். அவர் முடிக்கட்டும் என்று ரயில்தான் கொஞ்சம் தயங்கிப் போவதாக எங்களுக்குள் பேச்சு.

அந்த வருடம் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி புத்தம்புது புரொஜெக்டரோடு வரப்போவதாகத் தகவல் வந்தது. கணினியில் தயாரித்த ஒரு மாதிரிப் பாடத்தை அவர் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தியானால் புரொஜெக்டர் எங்கள் பள்ளியிலேயே தங்கும். இல்லாவிட்டால் வந்த காரிலேயே அடுத்த பள்ளிக்குப் போய்விடும். பெரிய டீச்சர் அன்றே அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துவிட்டார். (புரொஜெக்டரை அவர் பார்த்ததே இல்லை. குத்துமதிப்பாகத் தைத்தார்.) பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதானே கம்ப்யூட்டர் தெரிஞ்சவர். என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது. மிஷின் இங்கேயே இருக்கணும்.”

நான் அப்போது பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே சேகர் என்பவர் சைபர் கஃபே நடத்தினார். கணினி விஷயத்தில் என் அளவுதான் அவருக்கும் தெரியும். ஆனால் தைரியம் அதிகம். பாடம் தயாரிக்க என்னென்ன வேண்டும் என்று நான் இழுத்தபோது, அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “எல்லாம் ஃப்ரீலா சார். முதல்ல எடுத்துப் போடுங்க. அப்புறம் யோசிக்கலாம்.” (இலவசத்தை எடுக்க ஆகும் நேரத்துக்கு மட்டும் அவர் காசு வாங்கினார்.)

எடுத்துப் போட்டேன். பாடம் மண்புழுவைப் பற்றியது. ஒரு தளம் படக்காட்சி தயாரிக்கும் மென்பொருளைச் சும்மா கொடுத்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சிவப்புப் பட்டையாக அடித்தது. என் மண்புழு சாலை மறியலில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இன்னொரு தளத்தில் படங்கள் குவிந்து கிடந்தன. ஆனால் அங்கிருந்த புழுக்கள் எல்லாம் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஆப்பிளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தன. மூன்றாவது தளம் ஓசைகள் தந்தது. பக்கம் புரளும்போதெல்லாம் வாத்து கத்தும். அதை வேண்டாம் என்று ஒதுக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. வாத்து அவ்வளவு தெளிவாகக் கத்தியது.

எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று இருந்தது. யார் இவர்கள்? ஏன் கொடுக்கிறார்கள்? பள்ளியில் பலகையில் எழுத ஒரு வெண்கட்டி வாங்கவும் நான் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே முன்பின் தெரியாதவன் வாத்தைக் கொடுக்கிறான். அதிலும் தமிழ் எழுத்துரு ஒன்று கிடைத்தபோது நான் அசந்தே போனேன். ஏதோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து ஒரு தமிழர் அத்தனை எழுத்தையும் தானே வரைந்து, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வைத்திருந்தார். அந்த ‘ழு’வின் சுழியை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எல்லா எழுத்தும் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்க, வாயில் வந்ததைத் தட்டினேன். வந்தது இதுதான்:

‘பெரிய டீச்சர் குரல் கேட்டால் மண்புழுவும் மண்ணுக்குள் ஓடும்.’

அடடா, என்ன அழகு. சேகரும் வந்து பார்த்துவிட்டு, “எழுத்து கிளீனா இருக்கு சார்” என்றார். அழிக்க மனம் வரவில்லை. பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று கடைசிப் பக்கத்தில் விட்டுவைத்தேன். பிறகு என்பது வரவே இல்லை.

பாட நாள். டிஸ்கெட்டைப் பள்ளிக் கணினியில் செருகித் திறந்தேன். தமிழைக் காணோம். அதன் இடத்தில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளும், தலையில் புள்ளி வைத்த எழுத்துகளும், நடுநடுவே பணக்குறிகளும் நின்றன. குளிர்தேசத்துத் தமிழர் வரைந்த எழுத்துரு பிரிக்பீல்ட்சிலேயே தங்கிவிட்டது என்பது மெல்லப் புரிந்தது. பாடத்தைத்தான் கொண்டுவந்திருந்தேன், எழுத்தைக் கொண்டுவரவில்லை. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. அலுவலகத்தில் கடிதம் அடிக்க அந்தக் கணினியில் வேறொரு தமிழ் எழுத்துரு இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதற்கு மாற்றினேன். ஒரே நொடியில் திரை முழுக்கத் தமிழ். தூரத்திலிருந்து பார்க்கத் தங்கம்போல் இருந்தது. நிம்மதியாகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கிட்டே போய்ப் படித்தேன்.

‘கூஞிலஷ்.’

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனிக்குடித்தனம். இவர் ‘ம’ வைத்த இடத்தில் அவர் ‘கூ’ வைத்திருப்பார். எல்லாம் தமிழ்தான், ஆனால் ஒன்றும் தமிழில்லை. மண்புழு கூஞிலஷ் ஆகியிருந்தது. ‘உழவனின் நண்பன்’ என்று எழுதிய வரியில் உழவனும் நண்பனும் என்ன ஆனார்கள் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அதற்குள் அதிகாரி உள்ளே வந்து, புரொஜெக்டரைக் கணினியோடு இணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய டீச்சர், மடியில் பூப்போட்ட உறை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் எழுத்து தெரிந்தால், யாரும் சொல்லாமலே சேர்ந்து படிப்பார்கள். படித்தார்கள்.

“கூ… ஞி… லஷ்!”

ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை. இதற்கு முன்னும் எத்தனையோ புரியாத சொற்களை நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இதுவும் ஒன்று.

அதிகாரி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “சார், இது என்ன மொழி?”

நான் யோசித்துப் பதில் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. “புதிர் சார். ரகசிய எழுத்து. மாணவர்களே கண்டுபிடிக்கணும்.”

பெரிய டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஒரு மண்குவியல் படம், கீழே ‘கூஞி’ என்று இருந்தது. முதல் வரிசையில் சுகந்தி என்றொரு பெண் கையைத் தூக்கினாள். “சார், மண் படத்துக்குக் கீழே கூஞி இருக்கு. புழு படத்துக்குக் கீழே கூஞிலஷ். அப்போ கூஞின்னா மண், சார். கூஞிலஷ்னா மண்புழு.”

வகுப்பு பற்றிக்கொண்டது. கூ என்றால் ம, ஞி என்றால் ண். நான் கரும்பலகையில் எழுத எழுத, பிள்ளைகள் வேரைப் பிடித்தார்கள், எருவைப் பிடித்தார்கள், ஈரத்தைப் பிடித்தார்கள். மண்புழு எதைத் தின்னும், எப்படி மூச்சு விடும் என்றெல்லாம் திரையிலிருந்து தோண்டி எடுத்தார்கள். சாதாரண நாளில் நான் தொண்டை கிழியச் சொன்னாலும் ஏறாத பாடம் அது. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அந்த மூணாவது எழுத்து ‘ரி’யா இருக்கும், பாருங்க” என்று பிள்ளைகளோடு போட்டி போட்டார். எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது. அந்த மிதப்பில், இன்னும் ஒரு பக்கம் இருக்கிறதே என்று தட்டினேன்.

படமே இல்லாத பக்கம். ஒற்றை வரி.

பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த அதே வரி. “இது… இது பாடத்தில் இல்லை. மணி ஆயிடுச்சு” என்று கணினியை அணைக்கப் போனேன்.

“இருக்கட்டும் சார், விடுங்க” என்றார் அதிகாரி. “கண்டுபிடிக்கட்டுமே. நல்லா போகுது.”

“சார், இதுலயும் கூஞிலஷ் வருது,” என்றாள் சுகந்தி.

“பக்கத்துலயே இன்னொரு கூஞி,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கரும்பலகையில் அதுவரை வந்த எல்லா எழுத்துக்கும் விடையை நானே வரிசையாக எழுதி வைத்திருந்தேன். தூக்குக்கயிற்றை இதைவிட நேர்த்தியாக யாரும் திரித்திருக்க முடியாது. பிள்ளைகள் எழுத்து எழுத்தாகக் கூட்டினார்கள். “பெ… ரி… ய…” அடுத்த சொல்லில் கொஞ்சம் திணறினார்கள். அதிகாரிதான் உதவினார். “டீச்சர்!” என்றார் மகிழ்ச்சியாக. சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைவு வந்தது.

பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. குரல் வந்தது. கேட்டால் வந்தது. மண்புழுவும் வந்தது. மண்ணுக்குள் வந்தது. கடைசிச் சொல்லில்தான் நின்றுவிட்டார்கள். அந்த ‘ஓ’ பாடத்தில் எங்கும் வரவில்லை. அது கிடைக்காமலே மணி அடித்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

“ஓடும்,” என்றார் பெரிய டீச்சர். “மண்ணுக்குள் ஓடும். எல்லாரும் சேர்த்துப் படிங்க.”

சேர்த்துப் படித்தார்கள். அந்த நேரம் பின்னால் ரயில் போயிற்று. அப்படியும் தெளிவாகக் கேட்டது.

அதிகாரிக்கு ஏகப்பட்ட திருப்தி. ஆனால் அவருடைய திருப்தி வேறு வழியில் போயிற்று. இப்படியொரு உத்தி ஒரே பள்ளியில் முடங்கிக் கிடக்கக்கூடாது, நானும் புரொஜெக்டரும் சேர்ந்து எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். புரொஜெக்டர் வந்த காரிலேயே திரும்பிற்று. பெரிய டீச்சர் பூப்போட்ட உறையை நான்காக மடித்துக்கொண்டே என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“மிஷின் இங்கேயே இருக்கணும்னுதானே சொன்னேன்?”

அதன்பின் போர்ட் கிள்ளான், பூச்சோங், அம்பாங் என்று போன இடமெல்லாம், சரியான எழுத்துரு கையில் இருந்தும் தவறானதையே தேடிப் போட்டேன். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்று அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். “அதுலதான் பிள்ளைங்களுக்கு ஆர்வமே” என்றார். எல்லாப் பள்ளியிலும் பின்வரிசையில் ஒரு பெரிய டீச்சரோ பெரிய வாத்தியாரோ உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் குரல் இருந்தது. வருடக் கடைசியில் எனக்கு வணக்கம் சொல்ல அந்த வட்டாரத்தில் ஒரு தலைமையாசிரியர் மிச்சமில்லை. அம்பாங்கில் புரொஜெக்டரின் பல்பு போயிற்று. அதன் பிறகுதான் அது எங்கள் பள்ளிக்கு வந்தது. பெரிய டீச்சர் அதற்கு உறையைப் போட்டு அலமாரியில் வைத்தார். குத்துமதிப்பாகத் தைத்தது அச்சாகப் பொருந்தியது.

என் கல்யாணத்துக்கு அவர் வந்தார். பெரிய எவர்சில்வர் குடம் ஒன்று கொடுத்தார். நம் வழக்கப்படி கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. என் பெயருமில்லை, அவர் பெயருமில்லை. கூஞிலஷ்.

“பேர் வெட்டுறவன் ரெண்டு தடவை கேட்டான், எழுத்து சரிதானான்னு,” என்றார் பெரிய டீச்சர். “சரின்னு கொஞ்சம் சத்தமா சொன்னேன். அப்புறம் கேட்கலை.”

குடம் இன்றைக்கும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், ரஷ்யாவில் செய்த குடம் என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் குரலும் லேசுப்பட்டதல்ல. சமையலறையிலிருந்து அது உயரும்போதெல்லாம் என் மகள் தலையைத் தூக்காமலே சொல்வாள்: “அப்பா, கூஞிக்குள்ள போங்க.”

போய்விடுவேன்.