எதில் என்று எழுதாத எக்ஸ்பர்ட்

டீயைக் கொட்டியது நான்தான். வேறு யார் தலையிலாவது பழியைப் போடலாமா என்று சுற்றிலும் பார்த்தேன். அறையில் என்னையும் டீயையும் தவிர யாரும் இல்லை.

கொட்டியதுதான் கொட்டியது, நல்ல இடமாகப் பார்த்தாவது கொட்டியிருக்கலாம். மேசை நிறைய வீண் காகிதம் கிடந்தது. டீ அவற்றையெல்லாம் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய், சாயங்காலம் அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தின் நடுவில் குளம் கட்டியது. பதறிப்போய்த் துடைத்தேன். மற்ற சொற்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. ‘எக்ஸ்பர்ட்’ என்ற சொல்லின் பொருளும் உதாரண வாக்கியமும் மட்டும் துணியோடு வந்துவிட்டன. அந்தப் பக்கத்துக்கு வேறு பிரதி கிடையாது.

நாங்கள் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் அகராதி போடுகிறவர்கள். ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். மாடியில் தலைமை ஆசிரியரான மேடமும், கணக்குப் பார்க்கும் அவர் கணவரும் குடியிருந்தார்கள். கணவரை எல்லோரும் ‘இடி சார்’ என்போம். அவர் சிரித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். கரண்ட் பில்லைப் பார்த்துக்கூடச் சிரிக்கிற மனிதர். “மெதுவாச் சிரிங்க, கட்டடம் வாடகைக்கு எடுத்தது” என்று மேடம் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பார்.

நான் அசிஸ்டென்ட். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறைதான் எனக்கு ஜாகை. இன்னொருவர் பிழை திருத்தும் அக்கா. விரல் நுனியெல்லாம் எப்போதும் சிவந்திருப்பதால் ‘சிவப்பு மை அக்கா’. அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. கேட்ட கேள்வியையே கொஞ்சம் திருத்தித் திருப்பிக் கொடுப்பார்.

மேடம் இறங்கி வந்தார். பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தபோது இருந்த இரக்கம் என்னைப் பார்த்தபோது இல்லை.

“பொருளை நான் சொல்றேன், எழுதிக்கோ. நிபுணர், வல்லுநர், கைதேர்ந்தவர். உதாரண வாக்கியம் நீயே எழுது.”

“நானா மேடம்?”

“கொட்டினது நீதானே? பொருள் எந்த அகராதியிலயும் கிடைக்கும். ஒரு சொல்லை ஜனங்க எப்படிப் புழங்குறாங்கன்னு காட்டுறதுதான் நம்ம பொழப்பு. அச்சகத்து ஆள் வர்றதுக்குள்ள பக்கம் சரியா இருக்கணும். இல்லைன்னா அவரோட வண்டியிலயே நீயும் ஏறிடு.”

ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று யோசித்தேன். மிக்சியைப் பிரித்துச் சரிசெய்பவரை மெக்கானிக் என்கிறோம். பிரித்துவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் விழிப்பவர் வீட்டுக்காரர். எதையும் தொடாமல் தள்ளி நின்று, “இது தேறாது” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்தான் எக்ஸ்பர்ட். உண்மைதான், ஆனால் அகராதியில் போட முடியாது. பயத்தில் கை போன போக்கில் எழுதினேன்:

‘எக்ஸ்பர்ட் வந்து கதவைத் தட்டினார்.’

அக்கா வாங்கிப் பார்த்தார். “எதுலன்னு எழுதலையேப்பா?”

“எதுலன்னா?”

“கணக்குல எக்ஸ்பர்ட், கார் ஓட்டுறதுல எக்ஸ்பர்ட்னுதானே சொல்றோம்? அந்தச் சொல்லு எதையாவது புடிச்சிட்டுத்தான் நிக்கும்.”

“புடிக்காம நின்னா என்னக்கா ஆகும்?”

“என்ன ஆகும்னு நினைக்கிறே?”

கதவு தட்டப்பட்டது.

வெளியே நல்ல மழை. வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கையில் குடையில்லை, சட்டையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. முகம் இருந்தது. ஆனால் பார்வையைச் சற்று நகர்த்தினால் அது என்ன முகம் என்று மறந்துபோனது. திரும்பப் பார்த்தால், ஆமாம், இதே முகம்தான்.

“யாருங்க?”

“எக்ஸ்பர்ட்.”

“எதுல?”

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார். “அதை எழுதலையே” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. முகவரி தெரியாமல் வழி கேட்கிறவரின் குரல்.

பயந்தால் உபசாரம் செய்வது என் வழக்கம். “உள்ள வாங்க, உட்காருங்க” என்றேன்.

“அதையும் எழுதலையே.”

கதவைச் சாத்தினேன். மறுபடி தட்டினார். திறந்தேன், நின்றார். சாத்தினேன், தட்டினார். அவசரமில்லை, கோபமில்லை, ஒரே சீர். கடிகாரம்கூட அப்படி அடித்து நான் கேட்டதில்லை.

“யாரது?” மாடியிலிருந்து மேடம். “கதவைத் திறந்தா கை தேஞ்சா போயிடும்?”

“எக்ஸ்பர்ட் வந்திருக்காரு மேடம்.”

“எதுல?”

“அதுலதான் சிக்கல்.”

நடப்பது என்னவென்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொள்வதைவிட வேலையைப் பார்ப்பது சுலபம். தட்டுகிற சத்தம் மண்டைக்குள் இறங்குவதற்குள் ஓடிப்போய், வாக்கியத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று சேர்த்தேன்:

‘எந்தப் பழுதையும் சரிசெய்வதில் அவர் எக்ஸ்பர்ட்.’

தட்டுவது நின்றது. நிமிர்ந்தால், அவர் அறைக்குள் நின்றிருந்தார். கதவு தாழிட்டபடியே இருந்தது.

அவர் கையில் கருவி எதுவும் இல்லை. குழாயடிக்குப் போய் விரலை வைத்தார். எப்போதும் சொட்டிக்கொண்டிருந்த குழாய் வாயை மூடியது. நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், ஓடத் தொடங்கியது. இடி சாரின் மேசை இழுப்பறை திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று அலறும். அதைத் தடவிக் கொடுத்தார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கீழே வந்த மேடம் என்னை முதல்முறையாக மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “எங்கேப்பா புடிச்சே இவரை?”

“தானாவே வந்தாரு மேடம்.”

இடி சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார், மூடினார், திறந்தார். “என்னடா இது, வெண்ணெய் மாதிரி போகுது” என்று சிரித்தார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

எக்ஸ்பர்ட் திரும்பினார்.

மெல்ல நடந்து வந்து, இடி சாரின் மார்பில் காதை வைத்துக் கேட்டார். தொண்டையில் இரண்டு விரலை வைத்து, குழாயை இறுக்குவதுபோல ஒரு திருகு திருகினார். சிரிப்பு நின்றது.

“இது ரொம்ப நாளா லூசா இருந்திருக்கு” என்றார்.

இடி சார் வாயைத் திறந்தார். தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“அப்பாடா” என்றார் மேடம். கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க?” என்றார். அப்புறம் விறுவிறுவென்று மாடிக்குப் போய்க் கரண்ட் பில்லை எடுத்து வந்து நீட்டினார். “பாருங்க, போன தடவையைவிட அதிகம்.” இடி சார் குலுங்கினார். ஊமைப் படம் மாதிரி இருந்தது.

மேடம் பில்லை மடித்தார், பிரித்தார், மடித்தார். “இவரைச் சத்தமில்லாம பார்த்தா யாரோ மாதிரி இருக்குப்பா” என்றார், என்னிடம், சின்னக் குரலில். “நான் யார்கூட மேல போறது?”

நான் எக்ஸ்பர்ட்டிடம் போனேன். “ஐயா, அது பழுது இல்லைங்க. அது அவரோட சிரிப்பு. திருப்பிக் கொடுத்துடுங்க.”

“சத்தம் வந்துச்சு. அதிர்ந்துச்சு. நிறுத்தினா நின்னுச்சு” என்றார் அவர். “பழுதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு எழுதலையே. திருப்பிக் கொடுக்கறதும் எழுதலை.”

எழுதுவதுதானே? பேனா என் கையில்தானே இருக்கிறது? எழுதினேன்:

‘எக்ஸ்பர்ட் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.’

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “யாருக்குன்னு எழுதலையேப்பா?”

“அதை முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?”

“முன்னாடி கேட்டியா?”

சுவர்க்கடிகாரம் சொட்டுச் சொட்டென்று அடிக்க ஆரம்பித்தது. முள்ளின் நுனியில் நிஜமாகவே ஒரு துளி திரண்டு, தரையில் விழுந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் நின்று நின்று, ‘டிக் டிக்’ என்று வந்தது. மேடம் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடி, இழுப்பறையைத் திறந்தார்.

இழுப்பறை சிரித்தது.

அதே சிரிப்பு. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மேடம் படாரென்று மூடினார். இடி சார் கவலையோடு மனைவி பக்கம் குனிந்து, என்ன ஆச்சு என்று கேட்க வாயைத் திறந்தார்.

“கிறீச்” என்றது வாய்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, எது முந்துவது என்று நெரிசலில் மாட்டிக்கொண்டன. மேடம் அழவில்லை. இழுப்பறைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலளவு திறந்தார், கேட்டார், மூடினார். குழந்தை தூங்குகிற அறைக் கதவை மூடுவதுபோல மூடினார். மறுபடி கொஞ்சம் திறந்தார்.

“மெதுவாச் சிரிங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்” என்றார் இழுப்பறையிடம்.

பக்கத்தில் நின்ற இடி சார் மனைவியின் தோளில் கையை வைத்தார். வாயைத் திறக்கப் பயந்து, உதட்டை இறுக மூடியிருந்தார்.

இனி மறைத்து ஆவதில்லை. நடந்ததையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். டீ, தட்டல், நான் எழுதியது, அவர் செய்தது. பைத்தியமா என்று கேட்பார் என்று நினைத்தேன். மேடம் கேட்கவில்லை. நிதானமாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு நடந்ததிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது அந்தத் தலையாட்டல்தான்.

“அடிச்சிடு” என்றார்.

“எதை மேடம்?”

“வாக்கியத்தை. மொத்தமா, சிவப்பு மையால ஒரே கோடு. அடிச்சா அவர் பண்ணினதும் போயிடும். இவருக்குச் சிரிப்பு வந்துடும். நீ வேற ஒழுங்கான வாக்கியம் ஒண்ணு எழுதிக்கலாம்.” ஒழுகும் வாளியை எப்படி அடைப்பது என்று சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னார். பலமுறை அடைத்துப் பழகிய கை.

அக்காவிடம் பேனாவைக் கேட்டேன். அவர் கொடுத்தார். ஆனால் நான் பிடித்த பிறகும் சற்று நேரம் அவர் விரல் அதை விடவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அச்சகத்து ஆள் ஹாரன் அடித்தார்.

எக்ஸ்பர்ட் அறை நடுவில் நின்றிருந்தார். வந்ததிலிருந்து உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அடிக்கப் போறீங்களா?” என்றார்.

“ஆமாங்க. கோவிச்சுக்காதீங்க.”

“கோவப்படறதெல்லாம் எழுதலையே.” மழைப் பக்கம் திரும்பினார். “பயப்படறதும் எழுதலை. ஆனா பயமா இருக்கு. இது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல.”

நான் பார்வையை நகர்த்தினேன். பக்கத்தைப் பார்த்தேன், பேனாவைப் பார்த்தேன். அந்த முகம் இப்போது மறக்கவில்லை. இடது புருவத்தில் சின்னத் தழும்பு, உலர்ந்த உதடு, மழைப் பக்கமே போய்ப் போய் வரும் கண். நனைய ஆசைப்பட்டாரோ என்னவோ.

கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல், பக்கத்து அறைக்கு வழிகாட்டி அனுப்பிவைக்கிற ஆள் நான். பேனா முனையைத் தாளில் வைத்தேன். சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. எக்ஸ்பர்ட் தன் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

ஹாரன் மறுபடி கேட்டது.

“அடிப்பா” என்றார் மேடம். குரல் கெஞ்சியது. இழுப்பறை விளிம்பை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார். இடி சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலவும் வேண்டும் என்பதுபோலவும் தலையை ஆட்டினார்.

“அக்கா” என்றேன். “அடிச்சா இவர் எங்க போவாரு? கேள்வியைத் திருத்தாதீங்க. திருப்பிக் கேட்காதீங்க. தெரிஞ்சதை ஒரே ஒரு தடவை நேராச் சொல்லுங்க.”

அக்கா மேடத்தைப் பார்த்தார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என் பக்கத்தில் வந்து, பேனா பிடித்திருந்த என் கையை மெல்லத் தூக்கி, தாளுக்கு வெளியே நகர்த்தி வைத்தார்.

“எனக்குத் தெரியாதுப்பா. தெரியாததாலதான், ‘அசிஸ்டென்ட்’ங்கற சொல்லுக்கு நான் எழுதின வாக்கியத்தை அடிச்சிடுன்னு மேடம் தினமும் சொல்லியும், உன்னை இத்தனை நாளா விட்டு வச்சிருக்கேன்.”