கர்ர் என்ற கம்ப்யூட்டரும் பெண் பார்க்கப் போன நானும்

ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அப்படிப்பட்ட நான்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘கம்ப்யூட்டர் இன்ஜினியர்’ என்ற பட்டத்தோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனேன். பட்டத்தை வழங்கியது என் அம்மா. உண்மையில் நான் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரசீது எழுதி, பெட்டியை வாடிக்கையாளரின் காரில் ஏற்றிவிடுகிற ஆள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

பெண்ணின் பெயர் சுமதி. அவள் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (பொய். இறங்கியது. ருசிக்கத்தான் இல்லை.) இந்த இடம் தட்டிப்போய்விடக் கூடாதே என்று ஒரே படபடப்பு.

சுமதியின் அப்பா தங்கமான மனிதர். ஆனால் சகுனம் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்ட மாட்டார். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வெற்றிலைத் தட்டு மாற்றிவிடுவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தோம். கேசரியில் நான் கை வைக்கப் போன நேரத்தில், அவர் என்னை எழுப்பி மூலையிலிருந்த கம்ப்யூட்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, இத ஆன் பண்ணுனா போதும், டிஸ்க் போடுற எடத்துலருந்து கர்ர்னு ஒரு சத்தம். பல்லி சொல்ற மாதிரி. நல்ல காரியத்தன்னிக்கு இப்படிக் கத்துனா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு லா.”

ஆன் செய்து காட்டினார். பச்சை விளக்கு மினுங்கியது. கர்ர்... கர்ர்... டக். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எம்மவன் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிருவான்!” என்றார் அம்மா, சோபாவிலிருந்து.

ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தப்பியிருக்கலாம். நானோ, “சின்ன பிரச்சனைதான் அங்கிள். ஸ்க்ரூடிரைவர் இருக்கா?” என்றேன்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே இடியாப்பம் பிழிந்துவிட்டது போல ஒயர்கள். கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கினேன். எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளும் புத்தி கடைசிவரை வரவில்லை. ஸ்க்ரூக்களை வெற்றிலைத் தட்டில் பாக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். டிஸ்க் டிரைவைத் தனியே எடுத்து, டாக்டர் மாதிரி காதில் வைத்துக் கேட்டேன். பிறகு ஆன் செய்தேன். சத்தமே இல்லை! உலகத்தையே ஜெயித்தது போல நிமிர்ந்து பார்த்தேன்.

“சத்தம் போச்சு தம்பி. படமும் போச்சே?” என்றார் அங்கிள்.

திரை கன்னங்கரேலென்று கிடந்தது. மணி நாலு இருபது. ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகினேன். அது மூச்சு விடுவதாக இல்லை. அங்கிளின் முகம் வெளிறிவிட்டது.

“தட்டு மாத்துற நேரத்துல செத்துப் போச்சே... இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாமா?”

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மானம் போனாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன்.

“அங்கிள், எனக்கு இதப்பத்தி ஒன்னுமே தெரியாது. நான் இன்ஜினியர் இல்ல. கடையில பெட்டி தூக்குறவன்.”

அம்மா கேசரியிலிருந்த முந்திரியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கையைத் துடைத்தபடி சுமதி வெளியே வந்தாள். வக்கீல் ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற பெண்.

“அப்பா, அது ரிப்பேரே இல்ல. ஆன் பண்ணுனதும் உள்ள ஃப்ளாப்பி டிஸ்க் இருக்கான்னு அது தேடிப் பாக்கும். அந்தச் சத்தம்தான். ஆபீஸ்லயும் தெனம் கத்துது.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“எங்க சொல்ல விட்டீங்க? இன்ஜினியர் வராரு, பாத்துக்குவாருன்னீங்க!”

அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. தட்டும் மாற்ற முடியாது, வீட்டை விட்டுக் கிளம்பவும் கூடாது. ஆறு மணிவரை நானும் அவளும் தரையில் உட்கார்ந்து ஒயர்களை மாட்டினோம். மற்ற மாப்பிள்ளைகளுக்குக் காபி வாங்கும் நேரத்தில் ஒரு பார்வை கிடைத்தால் அதிகம். எனக்கு ஒன்றரை மணி நேரம் திட்டே கிடைத்தது. அன்றைக்கு என்னைவிட சந்தோஷமான ஆள் கிள்ளானில் இருந்திருக்க முடியாது. ஆறு மணிக்கு ஆன் செய்ததும் கர்ர் என்றது. “ஆஹா, உத்தரவு கெடச்சிருச்சு!” என்று அங்கிள் தட்டைத் தூக்கினார்.

போன வருஷம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். அவன் உட்கார்ந்த உடனேயே சுமதி, “தம்பி, எங்க வாஷிங் மெஷின் ரொம்ப ஆடுது. என்னன்னு பாக்குறீங்களா?” என்றாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கிற பரீட்சை அது ஒன்றுதான்.

பையன் விழித்தான். “எனக்கு அதெல்லாம் தெரியாதே ஆன்டி.”

வீடே கைதட்டிச் சிரித்தது. சுமதி என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

“அம்மாடி, தட்ட எடுத்துட்டு வா. இந்த ஒரு வார்த்தையச் சொல்ல ஒங்கப்பாவுக்கு ஒரு மணி நேரமும் ஒரு கம்ப்யூட்டரும் தேவப்பட்டுச்சு!”