மருமகனுக்கு ஏற்றிய சூடம்

அரைகுறையாகக் கேட்டுவிட்டு முழுசாகக் கோபப்படுவதில், இந்தப் பூண்டுலோயாப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மகள் லெட்சுமி கிளினிக்கில் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள். முடிவைச் சொல்ல மிட்வைஃப் மிஸ், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே வந்திருந்தார். நான் பக்கத்துக் காம்பிராவில் படுத்திருந்தேன். (நடுவில் வெறும் பலகைதான். இந்தக் காம்பிராவில் தும்மினால் அடுத்ததில் ‘நூறு’ சொல்வார்கள்.)

“எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் அக்கா. அதுல நெறைய ரகம். ஒங்களுக்கு இருக்கறது பதினாறாம் நம்பர். இது புத்துநோய் இல்ல. ஆனா விட்டுவச்சா அந்தப் பக்கம் இழுக்கும். திங்கக்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போயிரணும்.”

நம்பர் எனக்கு விளங்கியது. நர்சரியில் தேயிலைக் கன்றுக்கும் நம்பர்தான். (அந்த நர்சரிக் கங்காணி இருக்காரே... அது வேற கதை, விடுங்க.)

“எனக்கு எப்டி மிஸ் வந்துச்சு?”

“புருசன் பொண்டாட்டி ஒறவுலதான்...”

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை.

மருமகன் சிவலிங்கம் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையைப் பிடித்து மாரியம்மன் கோவிலுக்கு இழுத்தேன். லயமே பின்னால் வந்தது. அம்மன் முன்னால் சூடத்தை ஏற்றினேன்.

“எம்புள்ளைக்கு இந்த நோயக் கொண்டாந்தது யாரு? சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க மாப்ள!”

மிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஐயா! அது வருசக்கணக்கா ஒடம்புல சத்தமில்லாம கெடக்கும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு டாக்டராலயும் சொல்ல ஏலாது. அனேகமா எல்லாருக்கும் ஒருக்கா வந்து போறதுதான்!”

பின்னாலேயே லெட்சுமி. முகமெல்லாம் கண்ணீர். “லயம் பூரா நாறடிச்சிட்டீங்களேப்பா. நா நுவரெலியாவுக்குப் போகமாட்டேன். என்ன ஆனாலும் ஆவட்டும்.”

மகளைக் காப்பாற்ற வந்தவன் வைத்தியத்தையே கெடுத்துவிட்டேன்.

சிவலிங்கம் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். பிறகு இன்னொன்றை ஏற்றினார்.

“இப்ப நீங்க மாமா. எல்லாருக்கும்னுதான மிஸ் சொன்னாங்க? அத்தைக்காக ஒரு சத்தியம்.”

கையை நீட்டினேன். பாதியில் நின்றது. (சூடுங்க! வேற ஒண்ணுமில்ல.)

என் சம்சாரம் பார்வதி முன்னால் வந்தாள். “ஏங்க, எதுக்கு யோசிக்கிறீங்க?”

அழுதுகொண்டிருந்த லெட்சுமிக்குச் சிரிப்பு பீறிட்டது. “திங்கக்கிழமை நா போறேன்மா. நீ முதல்ல அப்பாவ விசாரி.”

போனாள். டாக்டர் பார்த்து, சின்ன மாற்றம் தென்பட்ட இடத்தை அகற்றிவிட்டார். இப்போது சுகமாக இருக்கிறாள்.

நான்தான் சுகமில்லை. கறியில் உப்பு குறைவு என்று வாயைத் திறந்தால் போதும், பார்வதி கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

“அது கெடக்கட்டும். அன்னிக்குக் கை ஏன் நின்னுச்சு?”