இருபது கேள்விக்கும் அஞ்சு

மதிப்புக்குரிய நிஹ்லா மிஸ் அவர்களுக்கு,

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு லயத்திலிருந்து, உங்கள் இருதய கிளினிக்குக்கு வரும் சுந்தரலிங்கத்தின் மகள் விஜிதா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதத்தான் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

ஏப்ரலில் உங்கள் ஆராய்ச்சிக்காக ஒரு தாள் தந்தீர்கள். இருதயம் பலவீனமானவர்களின் வாழ்க்கைத் தரம் கூடுகிறதா குறைகிறதா என்று அளக்க இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. அப்பாவின் கண்ணாடி உடைந்திருந்தது. நான் வாசித்தேன், அவர் சொன்னார், நான் வட்டம் போட்டேன். மாடிப்படி ஏறுவது பற்றிக் கேட்டேன். "லயத்துல ஏதுடி மாடி? இருந்தா ஜம்முன்னு ஏறுவேன். அஞ்சு போடு." நண்பர்களோடு பழகுவது? "வாசல்ல நின்னாலே நாப்பது பேரு. அஞ்சு." அடுப்படியிலிருந்து அம்மா, "ஒன்னு ரெண்டாச்சும் கொறைச்சுச் சொல்லுங்களேன், நம்புற மாதிரி இருக்கும்" என்றார். "நீ சும்மா இரு பாப்பம்மா. பெரியவங்க சொகமான்னு கேட்டா சொகம்னுதான் சொல்லணும். தொரைகிட்ட முப்பது வருசம் அப்படித்தான் சொன்னேன்." நூற்றுக்கு நூறு வந்தது. கணக்குப் பாடத்தில் முப்பத்தெட்டு எடுத்த என்னை அப்பா ஒரு பார்வை பார்த்தார். அப்போது அவர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தார் மிஸ். ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டை ஒரே மூச்சில் ஏறுவார்.

ஜூலையில் இரண்டாவது தாள் வந்தது. எனக்கு அறிவு வந்ததும் அன்றைக்குத்தான். மேலே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டேன்: ஐந்து என்றால் மிக அதிகச் சிரமம், பூஜ்யம் என்றால் சிரமமே இல்லை. அப்பா வழக்கம்போல, "எல்லாத்துக்கும் அஞ்சு" என்றார். அவர் சொல்ல நினைப்பது சுகம் என்பதால், சரியாகச் செய்ய வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் பூஜ்யத்தில் வட்டம் போட்டேன். "நிரப்பியவர்" என்ற இடத்தில் கையெழுத்தும் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் கையெழுத்து அது.

ஆனால் அந்த ஜூலையில் அப்பாவின் கால்கள் செருப்புக்குள் போகாமல் வீங்கியிருந்தன. "வெயிலுக்கு வீங்குது" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கிளினிக்குக்கு ரமேஸ் மாமாவின் பெரிய பூட்ஸை இரவல் வாங்கிப் போட்டு வந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் "சொகங்க மிஸ்" என்றார். நீங்களும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவ்வளவு முன்னேறியவர் இந்தக் கிளினிக்கிலேயே இல்லை என்று கைதட்டினீர்கள். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள். இனி ஜனவரியில் வந்தால் போதும் என்று திகதி போட்டுத் தந்தீர்கள். நன்றாக இருந்தபோது நூறு, மோசமானபோது பூஜ்யம். நான் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது தாளாவது சரியாக இருந்திருக்கும்.

இப்போது அவருக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. சாக்கைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே தூங்குகிறார். ஜனவரி வரைக்கும் தாங்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து இந்தக் கிழமையே வரச்சொல்லி ஒரு போன் கோல் எடுங்கள். நான் சொன்னது அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அந்தப் பொய்த் தாளுக்காகப் பொலிசுக்குச் சொல்வதென்றால் என் பெயரை மட்டும் சொல்லுங்கள். போன் வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். நாளைக்கு டியூசனுக்கு மாத்தளைக்கு வரும்போது கிளினிக் ஜன்னலில் இதைக் கொடுப்பேன்.

உங்களுக்கும் உங்கள் ஆராய்ச்சிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் மாரியம்மனையும் உங்கள் அல்லாஹ்வையும் வேண்டிக்கொள்ளும்,
சு. விஜிதா, தரம் 11

பி.கு.: அப்பா உட்கார்ந்தே தூங்குகிறார் என்று எழுதிய எனக்கு, உட்கார்ந்தே முழித்திருக்கவும் கூடும் என்று தோன்றவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து எழுந்து வந்து, முழுவதையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஐந்து என்றால் மிக அதிகச் சிரமம் என்ற வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "பெரியவங்களுக்கு எழுதுற கடுதாசி, சொகம்னே எழுதிரு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்பர மட்டும் பழையபடி அஞ்சு போட்டுரு" என்றார். "எல்லாத்துக்குமாப்பா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்."

ஆகவே மிஸ், மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். அப்பா சுகம். இருபது கேள்விக்கும் அஞ்சு.