அடைப்புக்குறி அண்ணாச்சியும் என் 'இவ்வாறே'யும்

அடைப்புக்குறி போட்டு இட்லி வாங்கிச் சாப்பிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அடைப்புக்குறி அண்ணாச்சி. இன்னொருவரைக் கொண்டுவந்து காட்டினால் நான் மொட்டை அடித்துக்கொள்ளத் தயார்.

"அடைப்பு திற. இட்லி நாலு, வடை ஒண்ணு. அடைப்பு மூடு. சாம்பார்."

திறக்கும்போது மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மூடும்போது இரண்டு தட்டுத் தட்டுவார். பரிமாறுகிறவர் இட்லிக்கு மட்டும் ஊற்றிவிட்டு நகர்ந்தால் தொலைந்தார். அண்ணாச்சிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஆனால் வடை காய்ந்து கிடப்பது அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

"என்னவே இது? அடைப்புக்கு வெளிய நிக்கது உள்ள இருக்க எல்லாத்துக்கும் போய்ச் சேரணும்லா? வடை என்ன பாவம் செஞ்சுது?"

"நாளையிலேருந்து சாம்பார் வாளிய உம்ம பக்கத்துலயே வச்சிருதேன் அண்ணாச்சி. நீரே கணக்குப் போட்டு ஊத்திக்கிடும்" என்பார் பரிமாறுகிறவர்.

அவரை எனக்குத் தெரியவந்தது ஒரு சாவு வீட்டின் புண்ணியத்தில். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் சொல்வது என் தொழில். அன்று பாளையங்கோட்டையில் ஓர் இரங்கல் செய்தி. 'இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் சம்பந்தியுமாகிய' என்று நான் இழுத்துக்கொண்டு போகையில், ஆட்டோவுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக்கோல் நீண்டது.

"செத்தது யாருன்னு கடைசியிலயா சொல்லுதீரு? அதுக்குள்ள நாலு பேரை நான் மனசுல சாகடிச்சிட்டேன்வே!"

போலீசுக்குப் போவாரோ, மைக்கைப் பிடுங்குவாரோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர் பைய என் பக்கம் குனிந்தார். "குரல் நல்லாருக்கு. எதுவரைக்கும் படிச்சிருக்கீரு?"

"பத்து" என்றேன்.

நான் எட்டோடு நின்றவன். பயம் வந்தால் என் வாயில் உண்மை வராது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பேசும் புத்தகம் தயாரிக்கிற ஒரு சின்ன அறையில் அண்ணாச்சிக்குச் சரிபார்க்கிற வேலை. அங்கே வாசிக்க என்னையும் கூட்டிப்போய்விட்டார். பழைய கேசட் மாதிரி இல்லை இது. செல்போனில் போட்டுக்கொண்டு, வேண்டிய பாடத்துக்கு, வேண்டிய வரிக்குத் தாவிப் போய்க் கேட்கலாம். கதை என்றால் யாரும் வாசித்துவிடலாம். கணக்கு அப்படியா? பின்னத்தில் கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று கண்ணுக்குத் தெரியும். காதுக்குக் கோடு ஏது? அதனால் 'பின்னம் தொடக்கம், மேலே இன்னது, கீழே இன்னது, பின்னம் முடிவு' என்று ஒவ்வொன்றையும் திறந்து மூடி வாசிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி அண்ணாச்சியின் ரத்தத்தில் ஏறி, பஸ் வரைக்கும் வந்துவிட்டது.

"அடைப்பு திற. நானு, இவரு. அடைப்பு மூடு. மேலப்பாளையம்" என்று டிக்கெட் கேட்பார்.

"இறங்கும்போது கதவையும் மூடிட்டு இறங்கும்வே" என்பார் நடத்துனர்.

இப்படிப்பட்டவர் கையில் மாட்டி நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாசித்தேன். பின்னம்வரை சமாளித்தேன். ஒருநாள் பக்கத்தைத் திருப்பினால், 'சரி' போட்ட மாதிரி ஒரு குறி, அதன்மேல் நீளமாக ஓட்டுக்கூரை. பக்கம் முழுக்க அதே கூரைகள். பெயர் என்னவென்று கேட்டால் என் 'பத்து' கிழிந்துவிடும். அன்றைக்கென்று அண்ணாச்சிக்குக் காய்ச்சல். அறையில் நான் மட்டும். சொற்களை வாசித்தேன், கூரைகளைத் தாண்டினேன். தாண்டிய இடத்தில், பாடப்புத்தகத்துக்கே உரிய கம்பீரத்தோடு, "இவ்வாறே மற்றவற்றையும் செய்க" என்றேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எட்டாம் வகுப்பில் மணி அடித்ததும் எங்கள் கணக்கு வாத்தியார் சொல்லிவிட்டுப் போகிற வரி அது.

"பிள்ளைங்க பரீட்சைக்குக் காத்துக்கிட்டிருக்கு. நான் கேக்காமலே அனுப்புதேன். உம்ம நம்புதேன்வே" என்று போனில் இருமினார் அண்ணாச்சி.

பத்து நாள் கழித்து மேலப்பாளையத்திலிருந்து பாத்திமா வந்தாள். பத்தாம் வகுப்பு, பார்வை இல்லாத பிள்ளை. வாப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"நாப்பது தடவை கேட்டுட்டேன் சார். எல்லாருக்கும் 'இவ்வாறே'ன்னா புரிஞ்சிருது போல. எனக்குத்தான் புரியல. நான் மக்கு. பரீட்சைக்குப் போக மாட்டேன்."

இதே 'மக்கு' என்ற சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எட்டாம் வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியைவிட்டு வந்தேன். இப்போது அதை இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

"புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ஆமா அண்ணாச்சி."

சொன்னேன். அதையும் சொன்னேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பாத்திமா தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். வாசல்வரை போய்விட்டாள். அப்போதுதான் என் தொண்டை தானாகத் திறந்தது.

"இல்ல! அப்படி ஒண்ணும் போடல! நான் எட்டாப்புதான்!"

சாவு அறிவிப்புக்கு என்றே பழகிய குரல். அறைக்குள் சொன்னது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

அண்ணாச்சி திட்டவில்லை. பாத்திமா நின்ற திசையில் கைகூப்பினார். "கேட்டுப் பாக்காம அனுப்பினவன் நாந்தான் தாயி."

அவளோ என் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்குப் புரியணும்னு யாரு கேட்டா? எங்கன ஆரம்பிக்கி, எங்கன முடியுதுன்னு மட்டும் சொல்லுங்க. புரிஞ்சுக்கிடுத வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

நான் பக்கத்தை எடுத்தேன். "ஒரு குறி. அதுமேல கூரை. கூரை நாலு எழுத்தைத் தாண்டி முடியுது."

"வர்க்கமூலம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இவ்வளவுதானா!" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள் பாத்திமா. பரீட்சைக்குப் போனாள். தேறியும் விட்டாள்.

அந்தப் பாடத்தைத் திரும்பப் பதிவு செய்தபோது, முதலில் திருத்தம் சொல்லியாக வேண்டும் என்றார் அண்ணாச்சி. ஊரெல்லாம் என் மானம் போகப் போகிறதே.

"நான் சொல்லுதேன். நீரு அப்படியே வாசியும்" என்றார்.

வாசித்தேன். இன்றைக்கும் அது என் குரலில் அப்படியே இருக்கிறது. 'முந்தைய பதிவில் இவ்வாறே என்று வந்தது புத்தகத்தில் இல்லாதது. அடைப்பு திற. வாசித்தவர், சரிபார்த்தவர். அடைப்பு மூடு. தவறு.'

வெளியே நிற்பது உள்ளே இருக்கிற எல்லாருக்கும் போய்ச் சேரும். அந்தத் தவறை எனக்கு மட்டும் அவர் ஊற்றியிருக்கலாம். தானும் அடைப்புக்குள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.