பத்து டேங்க் ஓடட்டும்

"அண்ணா, இன்னிக்காவது வெட்டலாமா?" என்று அசரியா வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார் ஜெர்சன்.

"இன்ஜின் இன்னும் பழகல, தம்பி" என்றார் அசரியா.

ஜெர்சன் சர்ச் செயலாளர். புயலில் சர்ச் வாசலுக்குக் குறுக்கே தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. சனிக்கிழமை காலை அதே சர்ச்சில் அவர் மகள் சுஜிக்குக் கல்யாணம். மணப்பெண் கார் என்ன, மணப்பெண்ணே உள்ளே நுழைய வழியில்லை.

மரம் வெட்டும் ஆட்களுக்கு அஸ்தினாபுரம் முழுக்க அப்போது ஏகக் கிராக்கி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அசரியா எழுந்து நின்று, "யாரையும் தேட வேண்டாம். நான் புது செயின்சா மெஷின் வாங்கியிருக்கேன். நானே அறுத்துத் தரேன்" என்று சபை முன்னால் அறிவித்துவிட்டார். ஆயர் அந்த மெஷின்மேல் கைவைத்து ஜெபமும் பண்ணிவிட்டார். இனி ஜெர்சன் வேறு ஆளைக் கூப்பிட்டால், ஆயரின் ஜெபத்தையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். பாவம், மாட்டிக்கொண்டார்.

அசரியா இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பிரண்டு. எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். மெஷினோடு வந்த புத்தகத்தையும் அப்படித்தான் படித்தார். பெட்ரோலில் 2T ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். புது இன்ஜினை முதல் சில டேங்க் மிதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய மரத்தில் வைக்கக்கூடாது. 'சில' என்றால் எத்தனை என்று புத்தகத்தில் இல்லை. பத்து என்று அசரியா முடிவு செய்தார்.

"புது மருமக மாதிரிடா ஜெர்சன். வந்த அன்னிக்கே அண்டா தூக்கச் சொல்லலாமா?"

"கல்யாணமே நடக்கலியேண்ணா" என்று முனகிக்கொண்டே ஜெர்சன் போய்விட்டார்.

தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் அசரியா மெஷினை முற்றத்தில் வைத்து மெல்ல ஓட்டினார். செவ்வாய்க்கிழமை ஒரு சங்கடம். காலையில் நிரப்பி வைத்துவிட்டுப் போன டேங்க், மாலையில் பாதிதான் இருந்தது.

"தபீதா, பெட்ரோல் ஆவியாயிடுது!"

அவர் மனைவி தபீதாள் கணக்கு டீச்சர். அவள் பள்ளிக்கூடம் புயல் முகாமாகிவிட்டதால் அந்த வாரம் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். "வெயில் ஜாஸ்தி" என்றாள், வெங்காயம் நறுக்கியபடி.

ஆயில் ஆவியாகாதே! அதனால் அசரியா ஆயிலை இரண்டு மடங்கு கூட்டினார். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். கிளம்பிய புகையில் பக்கத்து வீடு காணாமல் போனது. கார்ப்பரேஷன் கொசுமருந்து அடிக்க வந்துவிட்டது என்று நினைத்து, பக்கத்து வீட்டு அனந்தகிருஷ்ணன் ஜன்னல்களை அறைந்து சாத்தினார்.

"சார், கொசு அப்படியே இருக்கு. நாங்கதான் போயிடுவோம் போல!" என்று போனில் இருமினார்.

புதன்கிழமை பார்த்தால் செயின் தளர்ந்து தொங்கியது. அதை முறுக்கினார். முறுக்கிய முறுக்கில் செயின் அசையவே மறுத்தது. திரும்பத் தளர்த்தினார். அதற்குள் ஸ்பார்க் பிளக் கரிபிடித்து இன்ஜின் இருமி இருமி நின்றது.

"என்னங்க, ஆயில் கொஞ்சம் தூக்கலோ?" என்றாள் தபீதாள்.

"உன் கணக்கு கிளாஸை இங்க எடுக்காத. இது டூ ஸ்ட்ரோக்."

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை பத்தாவது டேங்க் முடிந்தது. சர்ச் வாசலில் ஆயர், கமிட்டி, மாப்பிள்ளை வீட்டார் என்று ஒரு கூட்டமே கூடியிருந்தது. ஜெர்சனின் முகத்தில் ரத்தமே இல்லை. அசரியா கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து கயிற்றை இழுத்தார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கார்லேர்ந்து சுஜியை இறக்கி, கிளைமேல ஏத்தி விடலாமா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

அசரியாவுக்கு மானம் போயிற்று. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு ஃபைலும் அவரை இப்படிக் கவிழ்த்ததில்லை. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று ஆயர் வீட்டுக் குழாயடிக்குப் போனார். அங்கே யாருக்கும் தெரியாமல் ஒரு நீண்ட ஜெபமும் பண்ணினார்.

திரும்பி வந்தபோது தபீதாள் மெஷின் பக்கத்தில் நின்று கரி படிந்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டியா?"

"தூசி தட்டினேன். இப்ப இழுங்க."

இழுத்தார். ஒரே இழுப்பில் இன்ஜின் உறுமியது. புகை இல்லை, இருமல் இல்லை. மரத்தில் வைத்ததும் செயின் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கிளைகள் விழுந்தன, நடுத்தண்டு துண்டு துண்டானது. இருட்டுவதற்குள் வாசல் திறந்துவிட்டது. ஜெர்சன் அழுதேவிட்டார். ஆயர் கைதட்டினார்.

அசரியா மெஷினைத் தூக்கிப் பிடித்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா? அவசரப்படாம, பத்து டேங்க் என் கையாலயே பழக்கின இன்ஜின்! இதுவரைக்கும் ஒரு குச்சியைக்கூட அறுத்தது கிடையாது!"

தபீதாளும் சேர்ந்து கைதட்டினாள். அவள் முகத்திலும் அதே பெருமை.

மரத்தூளைக் கூட்டிப் பெருக்கத் துடைப்பத்தோடு வந்தாள், அசரியா வீட்டுப் பின்சந்தில் குடியிருக்கும் அம்மணி. அசரியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தபீதாள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாக்கா, அண்ணனுக்கும் கத்துக் குடுத்துட்டியா? இந்த வாரம் பூரா எங்க சந்துல வுழுந்த மரத்தையெல்லாம் இதே மெஷின வச்சி நீ அறுத்துத் தள்னியே, அந்த வேகம் இவருக்கு இல்லதான். பரவால்ல, இப்பதானே பழகுறாரு!"