நாய்ஸ் செக் பண்ண வந்த சார்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனுஷன் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவான். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் எனக்கு எல்லா விஷயமும் அரைகுறையாகத் தெரியும். அதனால் வாயை மூடினதே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. டிஜிட்டல் கேமரா என்ற வஸ்துவை மயிலாப்பூரில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் பார்த்ததில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அத்திம்பேர், அதாவது அத்தையின் கணவர், ஒன்றை என்னிடம் கொடுத்து "ஜாக்கிரதையா வெச்சுக்கோ" என்றார் (பாவம், என்னைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை). டிபன் பாக்ஸ் சைஸில் இருக்கும். ஃபிலிமுக்குப் பதில் உள்ளே ஃப்ளாப்பி போட வேண்டும். என் கிளாஸ்மேட் சாந்தோம் பிரான்சிஸிடம் இன்னொன்று இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அவன் மாமா சிங்கப்பூரில் வாங்கியது. சோப்பு டப்பா சைஸ்தான், ஆனால் பேட்டரியை முறுக்கு மாதிரி தின்னும்.

எது ஒசத்தி? காலேஜ் கேன்டீனில் சண்டை. வெயிலில் ரெண்டும் ஒரே லட்சணத்தில்தான் எடுத்தன. அப்போதுதான் ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையில் மேய்ந்த ஒரு சொல்லை எடுத்து விட்டேன்: நாய்ஸ். சத்தம் இல்லை இது. வெளிச்சம் போதாத இடத்தில் எடுத்தால் படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளி பூத்திருக்கும், அதற்குப் பெயர் நாய்ஸ். இருட்டில் எடுத்துப் பார்ப்போம், எவன் கேமராவில் புள்ளி கம்மியோ அவன்தான் ராஜா, தோற்றவன் கிளாஸ் முன்னால் நின்று தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சவால் விட்டேன். "வா நைனா, பாத்துக்கலாம்" என்றான் பிரான்சிஸ்.

இருட்டுக்கு எங்கே போவது? அக்கா காயத்ரியின் கச்சேரி ஞாபகம் வந்தது. (இங்கேயே யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப் போட்டிருக்கலாம்.)

மார்கழி சீசனில் மத்தியான ஸ்லாட் என்பது, சபா கேன்டீனில் சாப்பிட்டவர்கள் ஃபேன் காற்றில் தூங்குவதற்காக நடத்தப்படுவது. அக்கா பல வருஷமாக அந்தத் தூக்கத்துக்குத்தான் பாடிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் சபா செக்ரெட்டரி, தானே முழுசாக உட்கார்ந்து கேட்பதாகவும், நன்றாக அமைந்தால் அடுத்த வருஷம் சாயங்கால ஸ்லாட் தருவதாகவும் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், ஒரு மாசமாக அக்காவுக்குத் தயிர் கிடையாது, எங்களுக்கு வீட்டில் தும்மக்கூட உரிமை கிடையாது. கேமராவைப் பார்த்ததும் அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஃபிளாஷ் மட்டும் அடிச்சே, பாட்டை நிறுத்திட்டு எறங்கி வந்து அறைவேன்."

ஃபிளாஷ் போட்டால் நாய்ஸை எப்படி அளப்பது? சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

மத்தியானத்தில் சபாக்காரர்கள் கரெண்டை மிச்சம் பிடிப்பார்கள். மேடையில் ரெண்டே பல்பு, மற்றபடி குகை. எங்களுக்கு வாயெல்லாம் பல். ஆனால் வாசலிலேயே செக்ரெட்டரி மாமா மறித்து, அது என்ன கையில் பெட்டி என்று கேட்டார். நான் என் முழு மேதாவித்தனத்தையும் திரட்டிக்கொண்டு சொன்னேன்.

"லோ லைட்ல எவ்ளோ நாய்ஸ் வரதுன்னு செக் பண்ணப் போறோம் மாமா."

அவர் முகம் மலர்ந்தது. ஒரு வாரமாக மைக்கில் கொர்ரென்று சத்தம் வருகிறது என்று ரசிகர்கள் அவரைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரியாது. யாரோ புண்ணியவான்கள் மெஷினோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கையைப் பிடித்து அழைத்துப்போய் முன் வரிசையில், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காபி வேறு வந்தது. நம்ம செல்வாக்கைப் பார்த்தாயா என்று பிரான்சிஸைப் பார்த்தேன்.

அக்கா காம்போதி ராகத்தை ஆரம்பித்தாள். பிரான்சிஸின் சோப்பு டப்பா சத்தமே போடாமல் ஒன்றை எடுத்தது. நான் என் முதல் படத்தை எடுத்தேன்.

கர்ர்ர்... டக்... கர்ர்ர்.

ஃப்ளாப்பியில் படம் எழுதும் சத்தம். கேன்டீனில் அது காதில் விழுந்ததே இல்லை. இங்கே யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி கேட்டது. மாமா குனிந்தபடி ஓடி வந்தார்.

"எங்கேர்ந்துப்பா வரது இந்த நாய்ஸ்?"

படத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கேமராவின் குட்டித் திரையைப் பார்த்தேன். புள்ளி மழை. "வெளிச்சம் போறல மாமா. அதான் வரது."

"வெளிச்சத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமே அதுதான் மாமா. லைட்டை ஜாஸ்தி பண்ணுங்கோ, நாய்ஸ் தன்னால போயிடும்."

இன்ஜினியரிங் படிக்கிற பையன் எதைச் சொன்னாலும் நம்பிய காலம் அது. மாமா ஓடினார். மேடைக்கு மேலே நாடகத்துக்கு மட்டும் போடுகிற பெரிய ஃபோகஸ் விளக்குகளை எல்லாம் ஒரே மூச்சில் போடச் சொல்லியிருக்கிறார்.

டப்.

ஃபியூஸ் போயிற்று. மைக் போச்சு, ஃபேன் போச்சு, இருந்த ரெண்டு பல்பும் போச்சு. அக்கா மேல் ஸட்ஜத்தில், அந்த உச்ச ஸ்வரத்தில், நின்றுகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே தொடர்ந்தாள். ஃபேன் சத்தமும் இல்லாத அந்த ஹாலில் அவள் குரல் மட்டும். மூடிய கதவிடுக்கில் வந்த துளி வெளிச்சத்தில் அவள் முகம்.

நல்ல தம்பியாக இருந்தால் கண் கலங்கியிருக்கும். எனக்கோ, இதைவிட நல்ல இருட்டு ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று தோன்றியது. அமுக்கினேன்.

கர்ர்ர்... டக்... கர்ர்ர்.

மொத்த ஹாலும் திரும்பியது. மைக்கில் உயிரே இல்லை, அதனால் மைக்கின் மேல் பழி போட வழியில்லை. பிரான்சிஸ் என் காதருகே வந்தான்.

"மச்சி, அவரு கேட்ட நாய்ஸ் உன் கைல கீதுடா."

கேமராவைச் சட்டைக்குள் திணித்தேன். இப்போது என் வயிறு கத்துவது போல் கேட்டது. எழுதி முடிக்கிறவரை அந்தச் சனியன் நிற்காது. அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது ஓயும்வரை காத்திருந்து, விட்ட இடத்தில் காம்போதியைப் பிடித்தாள். வயலின்காரர் சிரித்தே விட்டார். அதற்கப்புறம் அவள் பாடினதுதான் பாட்டு. தூங்கினவர்கள் எழுந்தார்கள். பின் வரிசைக்காரர்கள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கரெண்ட் வந்தபோது யாரோ, "மைக்கைப் போடாதேங்கோ" என்றார்.

முடிந்ததும் மாமா நேராக என்னிடம் வந்தார். மெஷின்காரன் இல்லையா, அப்படியென்றால் நீ யார் என்றார். காயத்ரியின் தம்பி என்றேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார். சாயங்கால ஸ்லாட் என்னால் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

"கொழந்தே, மைக் இல்லாம கடைசி வரிசைல நின்னு கேட்டேன். ஒரு எழுத்து விடாம கேட்டுது. அடுத்த வருஷம் சாயங்காலம் பாடிடு." பிறகு என்னைக் காட்டி, "இவன் ஆத்துலயே இருக்கட்டும்" என்றார்.

போட்டி? ரெண்டு கேமராவின் படங்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். பிரான்சிஸுடையதில் வயலின்காரரே இல்லை, புள்ளிகளுக்குள் கரைந்துவிட்டார். என்னுடையதில் வயலின்காரர் இருந்தார், வயலின் இல்லை. அக்கா எட்டிப் பார்த்து, "ரெண்டுலயும் நான் ரவா உப்புமா" என்று தீர்ப்புச் சொன்னாள். கிளாஸில் நாங்கள் ரெண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

அக்கா இப்போதும் அங்கே சாயங்காலத்தில்தான் பாடுகிறாள் (மாமா எனக்குப் போட்ட தடை நீங்கி ரொம்ப வருஷமாகிறது). வருஷா வருஷம் ஒரு பாட்டை மைக் இல்லாமல் பாடியாக வேண்டும், ரசிகர்கள் விடுவதில்லை. அந்த நேரம் வந்ததும் மைக் செட்காரர் ஸ்விட்சுக்குக் கையை நீட்டுவார். அக்கா மேடையிலிருந்தே, "இருங்கோ, அதை என் தம்பி பண்ணட்டும். இந்த ஹாலை அணைச்ச அனுபவம் அவனுக்குத்தான் இருக்கு" என்பாள். ஹால் சிரிக்கும் (முதலில் சிரிப்பது என் பெண்டாட்டி). நான் எழுந்துபோய், ஒரு கும்பிடு போட்டு, ஸ்விட்சை அணைப்பேன். கை தட்டுவார்கள். அது அவளுக்கா எனக்கா என்று நான் விசாரிப்பதில்லை.